ஷேர்டு மெமரிதான் வேகம் என்றால் எல்லாரும் ஏன் பைப்பையும் சாக்கெட்டையும் பிடித்துத் தொங்குகிறார்கள்?

#1 கடைசிபெஞ்ச்

அடுத்த வாரம் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பேப்பர். ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஒன்றோடொன்று பேசும் வழிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகக் கணக்கில் வழி இரண்டுதான்: ஷேர்டு மெமரி, மெசேஜ் பாஸிங். முதலாவதில் இரண்டு ப்ராசஸும் ஒரே நினைவகப் பகுதியைத் தங்கள் முகவரி வெளியில் மேப் செய்துகொள்கின்றன. அதற்கப்புறம் எழுதுவதும் படிப்பதும் சாதாரண வேரியபிளைத் தொடுவதுதான், கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) நடுவில் வராது. இரண்டாவதில் ஒவ்வொரு செய்திக்கும் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு). அனுப்புபவரிடமிருந்து கெர்னலுக்கு ஒரு காப்பி, கெர்னலிலிருந்து பெறுபவருக்கு இன்னொரு காப்பி. ஆகவே முதலாவது வேகம். 13 மார்க் வாங்க இது போதும்.

எனக்குப் புரியாதது வேறு. என் லினக்ஸ் லேப்டாப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்தால் எங்கே திரும்பினாலும் பைப் (ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் படிக்கும் குழாய்), இல்லையென்றால் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் இரு பக்கமும் பேசும் இணைப்பு). இரண்டும் மெசேஜ் பாஸிங்தான். வேகமான வழி கையிலேயே இருக்கும்போது ஏன் அதை விட்டுவிட்டு இதை எடுக்கிறார்கள்?

#2 ரிங்பஃபர்

எடுப்பதில்லை என்று யார் சொன்னது? பங்குச் சந்தை விலைத் தகவலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் நிரல்களில் வேறு எதையும் தொடமாட்டார்கள். ஷேர்டு மெமரியில் ஒரு வட்ட வரிசை (கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்கே திரும்பும்). ஒருவர் எழுதுவார், ஒருவர் படிப்பார், லாக்கே (ஒருவர் தொடும்போது மற்றவரை நிறுத்தும் பூட்டு) கிடையாது. படிப்பவருக்குத் தனி சிபியு கோர் ஒதுக்கிவிடுவோம். அவர் தூங்கவே மாட்டார். புதிதாக ஏதாவது வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே சுற்றுவார். செய்தி போய்ச்சேர நானோசெகண்டில் கணக்கு. பைப்பில் தூங்குகிறவரை எழுப்பவே மைக்ரோசெகண்டுகள் போய்விடும்.

புத்தகம் சரியாகத்தான் சொல்கிறது. மற்றவர்கள் பைப் எடுப்பதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம்.

#3 பழையடெர்மினல்

ரிங்பஃபர், உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது. "தனி கோர், தூங்கவே மாட்டார்." சாதாரண கணினியில் முந்நூறு ப்ராசஸ் இருந்தால் இருநூற்றுத் தொண்ணூறு தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூங்குகிறவரை எழுப்பக் கெர்னலால் மட்டும்தான் முடியும். ஷேர்டு மெமரி தரவைக் கொண்டுபோகிறது. தரவு வந்துவிட்டது என்ற சேதியைக் கொண்டுபோவதில்லை. அந்தச் சேதிக்கு ஒரு செமஃபோரோ ஃப்யூடெக்ஸோ (காத்திருக்கவும் எழுப்பவும் கெர்னல் தரும் கருவிகள்) வேண்டும். காத்திருக்க ஒரு சிஸ்டம் கால், எழுப்ப ஒரு சிஸ்டம் கால். கெர்னல் நடுவில் வராது என்ற வாக்கியம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நூறு பைட் செய்தியைக் காப்பி செய்ய ஆகும் நேரம் கணக்கிலேயே வராது. தூங்கப்போட்டு எழுப்பி சிபியுவை மாற்றிக் கொடுப்பதுதான் செலவு, அந்தச் செலவு இரண்டு வழிக்கும் பொது. காப்பி வலிக்க ஆரம்பிப்பது செய்தி பெரிதாகும்போதுதான்.

கடைசிபெஞ்ச், பைப்பில் ஒரே ஒரு ரீட் கால் போடும்போது என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தரவு வருகிறது. தரவு இல்லையென்றால் வரும்வரை உங்களைத் தூங்க வைக்கிறது. எழுதுகிறவர் வேகமாகப் போனால் அவரை நிறுத்தி வைக்கிறது (லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கேபி, நிறைந்தால் ரைட் கால் அப்படியே நிற்கும்). எதிராளி செத்துப்போனால் அதையும் சொல்கிறது: படிப்பவருக்குப் பூஜ்யம் திரும்பும், எழுதுகிறவருக்கு சிக்பைப் என்ற சிக்னல் (கெர்னல் ப்ராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) வரும். ஷேர்டு மெமரி எடுத்தால் முதலாவது மட்டும் கிடைக்கும். மற்ற மூன்றையும் நீங்களே கட்டவேண்டும், கட்டியதில் பிழை இருந்தால் தேர்வு முடிந்தபின்னும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுகிற மாதிரி நிரல்களை மாட்டிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று. அங்கே யூனிக்ஸ் (லினக்ஸின் முன்னோடி ஓஎஸ்) பிறந்த பிறகும் விடாமல் நச்சரித்தார். 1973-ல் கென் தாம்ப்சன் ஒரே இரவில் பைப் சிஸ்டம் காலை எழுதிச் சேர்த்துவிட்டார். ஒரே இரவில் எழுத முடிந்த விஷயம் இத்தனை வருடம் தாங்குகிறது என்றால், அது சோம்பேறித்தனத்தால் என்று நான் நம்பமாட்டேன்.

#4 டேட்டாபேஸ்_அக்கா

ஷேர்டு மெமரியின் உண்மையான விலை தெரியவேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பார்க்கவேண்டும் தம்பி. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். டேபிள் பக்கங்களை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பஃபர் ஷேர்டு மெமரியில் இருக்கிறது, இயல்பு அளவு 128 எம்பி. இங்கே பைப் ஆகவே ஆகாது. ஒரே பக்கத்தை ஐம்பது ப்ராசஸ் பார்க்கவேண்டும், திருத்தவேண்டும்.

ஏதோ ஒரு கனெக்ஷன் சிக்கிக்கொண்டது என்று அந்த ஒரு ப்ராசஸை மட்டும் கில் மைனஸ் 9 (உடனே கொல்லும் கட்டளை) போட்டுப் பாருங்கள் (சோதனை சர்வரில்!). ஒன்று மட்டும் சாகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மற்ற எல்லாக் கனெக்ஷனையும் தலைமை ப்ராசஸ் வெட்டிவிடும். ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, டிரான்ஸாக்ஷன் லாகைப் (மாற்றங்களின் பதிவேடு) படித்து மீண்டு வரும்.

காரணம் எளிது. செத்தவன் பஃபரில் ஒரு பக்கத்தைப் பாதி எழுதிய நிலையில் செத்தானா, ஏதாவது லாக்கைப் பிடித்துக்கொண்டு செத்தானா என்று யாருக்கும் தெரியாது. அந்த நினைவகத்தை இனி நம்ப முடியாது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் நேர்மையான வழி. லினக்ஸின் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் பகுதி) ஒரு ப்ராசஸைக் கொன்றாலும் இதே கதை. ஆகவே அந்தக் கனெக்ஷனை நிறுத்த அதற்கென்று இருக்கும் டெர்மினேட் பேக்எண்டு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்; அது சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும், அவன் கையில் உள்ளதை வைத்துவிட்டு ஒழுங்காகப் போவான்.

இதே போஸ்ட்கிரெஸ் அதே கணினியில் உள்ள கிளையண்டோடு பேச யூனிக்ஸ் சாக்கெட்தான் வைத்திருக்கிறது. கிளையண்ட் எப்படிச் செத்தாலும் சர்வருக்குக் கவலையில்லை, இணைப்பு அறுந்தது என்று தெரிந்துவிடும். இன்னொரு லாபம்: எதிர்முனையில் இருப்பவர் எந்த யூசர் என்று கெர்னலிடமே கேட்கலாம். பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே விடும் பியர் முறை அப்படித்தான் வேலை செய்கிறது.

நம்பக்கூடியவர்களுக்குள் ஷேர்டு மெமரி, நம்பமுடியாதவரோடு சாக்கெட். ஒரே நிரலுக்குள் இரண்டும்.

#5 கடைசிபெஞ்ச்

அக்கா, இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு சந்தேகம். லாக்கைப் பிடித்துக்கொண்டே செத்தால் கெர்னலே விடுவித்துவிடக் கூடாதா? ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் செத்தபின் மூடிவிடுகிறதே.

#6 ரிங்பஃபர்

இருக்கிறது. ப்ராசஸ்களுக்கு இடையே பகிரும் பிதிரெட் ம்யூடெக்ஸை (ஒரு வகை லாக்) "ரோபஸ்ட்" என்று அமைக்கலாம். பிடித்திருந்தவர் செத்துவிட்டால், அடுத்து லாக் கேட்பவருக்கு லாக் கிடைக்கும். ஆனால் வெற்றிக்குப் பதிலாக "முந்தைய உரிமையாளர் இறந்துவிட்டார்" என்ற எண் திரும்பும். உள்ளே இருக்கும் தரவைச் சரிபார்த்துவிட்டு, ஒழுங்காகிவிட்டது என்று அறிவிக்கவேண்டியது உங்கள் பொறுப்பு. அறிவிக்காமல் விடுவித்தால் அந்த ம்யூடெக்ஸ் அப்புறம் யாருக்கும் ஆகாது. அக்கா சொன்ன சிக்கல் அதே இடத்தில்தான் நிற்கிறது: லாக்கை மீட்கலாம், பாதி எழுதிய தரவைக் கெர்னல் எப்படி மீட்கும்?

சோம்பேறித்தனம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். ஆனால் வேகத்தில் என் நிலை மாறவில்லை. வட்ட வரிசையில் ஒருவர் எழுத ஒருவர் படிக்க லாக்கே வேண்டாம், ஆகவே லாக்கோடு செத்தவர் என்ற பேச்சும் இல்லை. எழுதுகிறவர் தரவை முழுதாக எழுதிவிட்டு, கடைசியாகத்தான் இண்டெக்ஸை (எதுவரை எழுதியாயிற்று என்ற எண்) நகர்த்துவார். நடுவில் செத்தால் அந்தப் பாதித் தரவு யார் கண்ணிலும் படாது.

இங்கே இரண்டு கண்ணிவெடிகள். ஒன்று, தரவு எழுதியது முன்னால், இண்டெக்ஸ் நகர்ந்தது பின்னால் என்ற வரிசை எதிராளியின் கண்ணுக்கும் அப்படியே தெரியவேண்டும். இன்டெல் சிப்பில் எழுதிய வரிசையிலேயே தெரியும். ஆர்ம் சிப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. அடாமிக் ரிலீஸ், அக்வயர் (இந்த வரிசையைக் காக்கும் குறிப்புகள்) போடாத கோடு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிவிட்டு ராஸ்பெர்ரி பையில் குப்பையைப் படிக்கும். இரண்டு, பகிர்ந்த பகுதிக்குள் பாயிண்டரை (நினைவக முகவரி) எழுதாதீர்கள். ஒரே பகுதி இரண்டு ப்ராசஸில் இரண்டு வேறு முகவரியில் மேப் ஆகலாம். பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற கணக்கை வையுங்கள்.

#7 சுருளிமலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், பைப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பைத்தானில் சப்ப்ராசஸ் வைத்து வேறொரு நிரலை ஓட்டுகிறேன். வெளியீட்டைப் பைப்பில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, வெயிட் போட்டு முடியும்வரை காத்திருந்து, அப்புறம் படிக்கிறேன். சின்ன ஃபைல் கொடுத்தால் நொடியில் முடிகிறது. பெரிய ஃபைல் கொடுத்தால் ராத்திரி முழுக்க விட்டாலும் முடிவதில்லை. சிபியு பூஜ்யம். எர்ரர் எதுவும் இல்லை. அந்த நிரலைத் தனியாக ஓட்டினால் பெரிய ஃபைலும் ஒழுங்காக முடிகிறது.

#8 பழையடெர்மினல்

மேலே சொன்ன 64 கேபிதான் சார். சைல்ட் (நீங்கள் ஓட்டிய நிரல்) எழுதிக்கொண்டே போகிறது, பைப் நிறைகிறது, ரைட் காலில் நிற்கிறது. யாராவது படித்தால்தான் நகரும். படிக்கவேண்டிய நீங்களோ அது முடிந்தால்தான் படிப்பேன் என்று வெயிட்டில் நிற்கிறீர்கள். இரண்டு பேரும் தூங்குகிறார்கள், அதனால்தான் சிபியு பூஜ்யம். தொங்கும்போது சைல்டின் பிஐடி-யை (ப்ராசஸ் எண்) கொடுத்து எஸ்டிரேஸ் (சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள், ரைட் பாதியில் நிற்பது தெரியும்.

வெயிட்டை எடுத்துவிட்டு கம்யூனிகேட் போடுங்கள். அது படித்துக்கொண்டே காத்திருக்கும், ஸ்டேண்டர்டு அவுட்டையும் எர்ரரையும் சேர்த்தே. அவுட்டை மட்டும் நீங்களே லூப்பில் படித்தால், எர்ரர் பைப் நிறைந்து இதே மாதிரி நிற்க வாய்ப்பு உண்டு. வெளியீடு ஜிபி கணக்கில் என்றால் பைப்பே வேண்டாம், நேராக ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். கம்யூனிகேட் எல்லாவற்றையும் நினைவகத்தில்தான் குவிக்கும்.

#9 மட்டுறுத்துநர்

சுருளிமலையின் கேள்வியைத் தனி இழையாகப் பிரிக்கலாமா என்று யோசித்தேன். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கேயும் பேச்சு என்பதால் விட்டுவிடுகிறேன். டெட்லாக்குக்கு (ஒருவருக்காக ஒருவர் காத்து யாரும் நகராத நிலை) படம் போட்டு வட்டம் வரைந்து படிக்கிற மாணவர்களுக்கு, லாக்கே இல்லாத டெட்லாக் இது.

#10 சுருளிமலை

கம்யூனிகேட் போட்டேன், முடிந்துவிட்டது. நன்றி. இதேபோல இன்னொன்றும் உண்டு: சி-யில் எழுதிய ஒரு நிரலில் பைப் உருவாக்கி, ஃபோர்க் செய்து (ப்ராசஸைப் பிரதி எடுத்து), பேரண்ட் எழுதி முடித்து வெளியேறிய பிறகும் படிக்கும் சைல்ட் முடிவதில்லை. எழுதியது எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ஃபைல் முடிவு வரவே இல்லை.

#11 பழையடெர்மினல்

எழுதும் முனையை யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால், அந்த சைல்டேதான். ஃபோர்க் செய்தால் பைப்பின் இரண்டு முனைகளும் இரண்டு பேரிடமும் இருக்கும். எழுதும் முனையின் கடைசிப் பிரதி மூடப்பட்டால்தான் படிப்பவருக்குப் பூஜ்யம் வரும். சைல்ட் தன்னிடமிருக்கும் எழுதும் முனையை முதல் வேலையாக மூடவேண்டும், பேரண்ட் படிக்கும் முனையை மூடவேண்டும்.

கூடவே ஒரு துணுக்கு, பாதிப் பேர் கேட்பது: டெயில் மைனஸ் எஃப் (ஃபைலில் புதிதாகச் சேரும் வரிகளைக் காட்டும் கட்டளை), அதிலிருந்து பைப்பில் கிரெப் (வரிகளைத் தேடி வடிகட்டும் கட்டளை), அதிலிருந்து இன்னொரு கிரெப் என்று போட்டால் எதுவுமே திரையில் வராமல் நிற்கும். பைப் குற்றம் செய்யவில்லை. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் சி லைப்ரரி வரிக்கு வரி அனுப்பும், பைப்புக்குப் போனால் பஃபர் நிறைந்தபின் மொத்தமாக அனுப்பும். முதல் கிரெப்புக்கு லைன் பஃபர்டு ஆப்ஷன் கொடுங்கள்.

#12 வெண்ணிலா_தேவ்

ஆண்ட்ராய்டு பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். அங்கே ஆப்பும் சிஸ்டமும் பேசுவது பெரும்பாலும் பைண்டர் (ஆண்ட்ராய்டின் செய்தி அனுப்பும் வசதி) வழியாகத்தான். ஆக்டிவிட்டி திறப்பது, லொகேஷன் கேட்பது, எல்லாம். பைண்டரில் காப்பி ஒன்றுதான்: பெறுபவர் முன்கூட்டியே மேப் செய்து வைத்திருக்கும் இடத்தில் கெர்னல் நேராகக் கொண்டுபோய் வைத்துவிடும். புத்தகத்தின் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இதை எங்கே வைப்பீர்கள்?

அந்த இடம் ஒரு ப்ராசஸுக்கு 1 எம்பி, அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து. இன்டெண்டுக்குள் (திரைக்குத் திரை அனுப்பும் செய்தி) முழுப் படத்தைத் திணித்து அடுத்த திரைக்கு அனுப்பினால் டிரான்ஸாக்ஷன் டூ லார்ஜ் என்று விழும். பெரிய தரவு என்றால் ஷேர்டு மெமரியின் ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) மட்டும் பைண்டரில் அனுப்பவேண்டும். அனுப்பியது வெறும் எண் இல்லை, கெர்னல் எதிராளியின் டேபிளில் அதற்கு ஒரு புதிய டிஸ்கிரிப்டரைத் திறந்து கொடுக்கும்.

#13 டேட்டாபேஸ்_அக்கா

டெஸ்க்டாப்பில் வேலண்டும் (லினக்ஸில் ஆப்களின் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் முறை) அதையேதான் செய்கிறது வெண்ணிலா. "புதிய படம் தயார், இந்த இடம் மாறியிருக்கிறது" என்ற சின்னச் சேதி யூனிக்ஸ் சாக்கெட்டில். படத்தின் பிக்சல்கள் ஷேர்டு மெமரியில். அதன் டிஸ்கிரிப்டரும் அதே சாக்கெட் வழியாகத்தான் போகிறது. இங்கே ஒரு வம்பும் உண்டு. பகிர்ந்த ஃபைலை ஆப் திடீரென்று சுருக்கிவிட்டால், அதைப் படிக்கும் கம்போசிட்டருக்கு (எல்லா ஆப்பின் படத்தையும் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல்) சிக்பஸ் (மேப் செய்த இடத்தின் பின்னால் நினைவகம் இல்லாதபோது வரும் சிக்னல்) விழும், கவனிக்காவிட்டால் டெஸ்க்டாப் முழுதும் போகும். 2014-ல் வந்த லினக்ஸ் 3.17-ல் மெம்எஃப்டி (பெயரில்லாத நினைவக ஃபைல்) சேர்ந்தபோது, "இனி இதைச் சுருக்க முடியாது" என்று முத்திரை வைக்கும் வசதியும் கூடவே வந்தது இதற்காகத்தான்.

டாக்கரில் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) வேலை செய்பவர்கள் இதே சிக்பஸை வேறு வழியாகச் சந்திப்பார்கள். கண்டெய்னருக்குள் ஷேர்டு மெமரிக்கு இயல்பாகக் கிடைப்பது 64 எம்பிதான். பைடார்ச் டேட்டாலோடரில் (இயந்திரக் கற்றலுக்குத் தரவு ஏற்றும் பகுதி) நிறைய வொர்க்கர் ப்ராசஸ் வைத்தால் பஸ் எர்ரர் என்று சாகும். எஸ்ஹெச்எம் சைஸ் ஆப்ஷனைக் கூட்டிக் கொடுத்தால் போதும்.

#14 கடைசிபெஞ்ச்

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்று. தேர்வுக்கு: சிஸ்டம் ஃபைவ் (ஒரு பழைய யூனிக்ஸ் வகை) மெசேஜ் க்யூ, செமஃபோர் எல்லாம் எழுதவேண்டும். இன்றைக்கு யாராவது பயன்படுத்துகிறார்களா? சிக்னலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

#15 பழையடெர்மினல்

சேர்க்கலாம், மார்க் கிடைக்கும். வேலைக்கு நம்பாதீர்கள். சிக்னல் கொண்டுபோவது ஓர் எண். சாதாரண சிக்னல் வரிசையில் நிற்காது. முதலாவது கையாளப்படுவதற்குள் அதே சிக்னல் ஐந்து முறை வந்தாலும் ஒன்றாகத்தான் தெரியும். ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) பிரிண்ட்எஃப் கூடப் போடக்கூடாது.

சிஸ்டம் ஃபைவ் க்யூ இன்னும் பழைய கோடில் நிறையவே ஓடுகிறது. புதிதாக யாரும் எடுப்பதை நான் பார்க்கவில்லை. ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் ஃபைவ் ஷேர்டு மெமரி செக்மெண்டும் க்யூவும் போகாது. ரீபூட் வரை, அல்லது ஐபிசிஆர்எம் (இவற்றை அழிக்கும் கட்டளை) போடும்வரை உட்கார்ந்திருக்கும். ஐபிசிஎஸ் என்று அடித்துப் பாருங்கள், லேப் சர்வர் என்றால் போன பேட்ச் மாணவர்கள் விட்டுப்போனதெல்லாம் வரும். போஸிக்ஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொதுத்தரம்) க்யூ பயன்படுத்த வசதிதான், ஆனால் லினக்ஸில் இயல்பாக ஒரு க்யூவில் 10 செய்தி, ஒன்று 8192 பைட் வரை என்று வரம்பு.

#16 கடைசிபெஞ்ச்

கடைசிக் கேள்வி, தேர்வுக்கு இல்லை, ப்ராஜெக்டுக்கு. ஒரு ப்ராசஸ் கேமராவிலிருந்து 1920க்கு 1080 ஃப்ரேம் எடுக்கிறது, நொடிக்கு 30. இன்னொன்று அதில் வண்டி நம்பர் பிளேட்டைத் தேடுகிறது. தேடுவது சில சமயம் மெதுவாகும், சில சமயம் கிராஷ் ஆகும். எதை எடுப்பது?

#17 ரிங்பஃபர்

ஒரு ஃப்ரேம் பிக்சலுக்கு 3 பைட் என்றால் 62,20,800 பைட். நொடிக்கு சுமார் 187 எம்பி. பைப் இதைத் தாங்கும், பயப்படவேண்டாம். ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு 64 கேபி பைப்பை 95 முறை நிரப்பவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், தேடுபவர் மெதுவானால் பைப் கேமராவையே நிறுத்திவிடும். பழைய ஃப்ரேம் உங்களுக்கு வேண்டாம், புதியதுதான் வேண்டும். இது ஷேர்டு மெமரிக்கான வேலைதான்.

#18 பழையடெர்மினல்

இந்த ஒன்றில் ரிங்பஃபரோடு உடன்படுகிறேன், வட்ட வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஃப்ரேம் ஷேர்டு மெமரியில், பேச்சு யூனிக்ஸ் சாக்கெட்டில்.

மூன்று இடம் ஒதுக்குங்கள். தேடுபவர் கையில் ஒன்று, கடைசியாக எடுத்து முடித்தது ஒன்று, கேமரா இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒன்று. தேடுபவர் "கொடு" என்று சாக்கெட்டில் ஒரு பைட் அனுப்புவார். அவர் முன்பு வைத்திருந்த இடம் காலி என்பதும் அதே பைட்டில் அடக்கம். கேமரா ப்ராசஸ் கடைசியாக முடித்த இடத்தின் எண்ணைத் திருப்பி அனுப்பும். எது யாரிடம் என்பதை முடிவுசெய்வது கேமரா ப்ராசஸ் மட்டுமே, ஆகவே லாக் வேண்டாம். கேமரா யாருக்காகவும் நிற்காது. கேட்பார் இல்லையென்றால் பழைய ஃப்ரேம் மேலேயே எழுதிப் போகும்.

தேடுபவர் கிராஷ் ஆனால் சாக்கெட்டில் பூஜ்யம் வரும். அவர் கையில் இருந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொண்டு அடுத்த இணைப்புக்குக் காத்திருக்கவேண்டியதுதான். தேடுபவர் பகுதியைப் படிக்க மட்டும் மேப் செய்யட்டும், அப்போது அவர் எப்படிச் செத்தாலும் ஃப்ரேம் கெடாது.

#19 கடைசிபெஞ்ச்

கேமரா ப்ராசஸ் செத்தால்?

#20 பழையடெர்மினல்

தேடுபவருக்கும் அதே பூஜ்யம்தான் வரும். மேப் செய்த பகுதி அவரிடம் அப்படியே இருக்கும், கையில் இருந்த ஃப்ரேமை முடித்துவிட்டு மறுபடி கனெக்ட் செய்யச் சொல்லுங்கள். புது டிஸ்கிரிப்டர் வந்ததும் பழையதை அன்மேப் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கேமரா ஒவ்வொரு முறை சாகும்போதும் 18 எம்பி-க்கு மேல் ஒழுகும்.